திரும்பி வந்த பால்: மூன்று பசுக்கள் உள்ள ஒரு மலையகப் பட்டியில் மறைந்திருந்த மடிநோய்

பின்னணி

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். லயத்துக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் பலகைத் தரையும் தகரக் கூரையுமாக ஒரு மாட்டுப்பட்டி. குடும்பத்தில் கொழுந்து பறிக்கும் தாய், ஓய்வுபெற்ற பாட்டி, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகன். தகப்பன் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார்.

பசுக்கள் மூன்று. ஐந்தாவது ஈற்றில் இருந்த மூத்த பசு பிரீசியன் கலப்பு. பாட்டி ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் வாங்கியது. கறவைக்கு வந்து எட்டு மாதம், சினை ஐந்தரை மாதம். இரண்டாம் ஈற்றில் இருந்த நடுப்பசுவை ஒரு வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வாங்கியிருந்தார்கள். இளம்பசு பட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஜேர்சி கலப்பு, தலை ஈற்று. மூன்றும் சேர்ந்து நாளுக்கு 22 லீற்றர் வரை கறந்தன. வீட்டுக்கும் கன்றுக்கும் எடுத்தது போக 20 லீற்றரை ஒட்டிப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும்.

தாய்க்கு 7.30க்கு மலையில் நிற்க வேண்டும். அதனால் 5 மணிக்கு முன்பே பட்டியில் விளக்கு எரியும். கறந்து முடித்து 6.15க்குப் பால் கேன் ரோட்டுக்கு ஏற வேண்டும். பின்னேரம் கறந்த பாலைத் தண்ணீர்த் தொட்டியில் கேனோடு இறக்கி வைத்து, காலைப் பாலுடன் சேர்த்து ஒன்றாக அனுப்புவார்கள். தீனி குறை சொல்லும்படி இல்லை: கோ-3 புல்லும் வீதியோரப் புல்லுமாக ஒரு பசுவுக்கு 35 கிலோவுக்குக் குறையாமல், இரண்டரை லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ கணக்கில் மாட்டுத்தீன், நாளுக்கு 50 கிராம் தாதுக்கலவை.

பணத்துண்டில் முதலில் தெரிந்தது

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் பணத்துண்டில் கொழுப்பு வீதமும் கொழுப்பற்ற திண்மத்தின் (கொழுப்பும் நீரும் நீங்கலாகப் பாலில் இருக்கும் சீனி, புரதம், உப்பு) வீதமும் அச்சாகி வரும். ஏப்ரல் முற்பகுதித் துண்டில் திண்மம் 8.4. பிற்பகுதியில் 8.3. மே மாதத்தின் இரண்டு துண்டுகளில் 8.1, 7.9. கொழுப்பு மட்டும் 4.0, 3.9 என்று ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. விலை இரண்டையும் பார்த்துத்தான் போடப்படுகிறது என்பதால் லீற்றருக்குக் கிடைத்த பணம் குறைந்தது. வீட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தார்கள். மழைக்காலம் தொடங்கியதால் பால் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மே கடைசியில் பால் எடுக்கும் இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, தண்ணி ஏதும் பட்டுச்சா?" தாய்க்கு அது பெரிய அவமானமாகப் போனது. "எங்க பட்டியில அந்தப் பழக்கம் கிடையாது தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தவர், பல நாள் கேனை மகனிடம் கொடுத்தே அனுப்பினார். பால் கொடுப்பவரும் எடுப்பவரும் பேசாமல் போன அந்த நாட்கள்தான் இந்த நிகழ்வில் உண்மையான இழப்பு என்பது எங்கள் கருத்து. இருவர் கையிலும் ஆளுக்குப் பாதித் தகவல் இருந்தது.

ஜூன் இரண்டாம் வாரத்தில் மதுசாரச் சோதனையில் பால் திரிந்தது. 2 மில்லிலீற்றர் பாலோடு அதே அளவு 68 வீத மதுசாரத்தைச் சேர்த்துக் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துவார்கள். நல்ல பால் குழாயின் சுவரில் வழுவழுப்பாக வழியும். இந்தப் பால் ரவை ரவையாக ஒட்டி நின்றது. அடுத்தடுத்து மூன்று நாள் கேன் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

ஊகங்கள், அவற்றைக் கழித்த விதம்

வீட்டில் அந்தப் பாலைக் காய்ச்சிப் பார்த்தார்கள், திரியவில்லை. அதனால் நிலையத்தில் ஏதோ கோளாறு என்றே நம்பினார்கள். இப்படி நம்பும் குடும்பங்கள் பல. ஆனால் காய்ச்சும்போது பால் திரிவதற்குப் புளிப்பு நன்றாக ஏறியிருக்க வேண்டும். பாலின் உப்புச் சமநிலை சற்றுக் குலைந்தாலே மதுசாரம் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு முடிவும் ஒரே பாலில் வரலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

மூன்றாம் நாள் அரசாங்க மிருக வைத்தியரின் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்கள் எடுத்த எடுப்பில் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் பின்னேரப் பாலையும் காலைப் பாலையும் தனித்தனியே சோதித்தார்கள். இரவு வைத்த பால் புளித்திருந்தால் அது மட்டும் திரிய வேண்டும், இரண்டுமே திரிந்தன. அமிலத்தாள் 7.0ஐக் காட்டியது. நல்ல பாலில் 6.6 முதல் 6.8 வரை இருக்கும். புளித்த பாலில் அந்த எண் இறங்கும், மடிநோய்ப் பாலில் ஏறும். தாளின் நிறம் போன பக்கம் புளிப்பின் பக்கமல்ல.

அடுத்து மூன்று பசுக்களின் பாலையும் மூன்று டம்ளரில் தனித்தனியாக எடுத்தார்கள். இளம்பசுவின் பால் திரியவில்லை. நடுப்பசுவினது இலேசாகத் திரிந்தது. மூத்த பசுவினது கட்டி கட்டியாகத் திரிந்தது. இதோடு தீனி பற்றிய சந்தேகமும் பெரும்பாலும் விலகியது. தாதுச்சத்துக் குறைவாலும் மதுசாரத்தில் பால் திரியலாம் என்பது உண்மைதான், ஆனால் மூன்றும் தின்றது ஒரே தீனி. கறவைக் காலத்தின் கடைசியில் இருக்கும் பசுவின் பாலும் திரியலாம். மூத்த பசுவுக்கு அது பொருந்தும், மூன்று மாதக் கறவையில் நின்ற நடுப்பசுவுக்குப் பொருந்தாது.

தண்ணீர்ச் சந்தேகத்துக்குப் பணத்துண்டே பதில் சொன்னது. நீர் கலந்திருந்தால் கொழுப்பும் திண்மமும் ஒரே விகிதத்தில் இறங்க வேண்டும். கொழுப்பு நாளுக்கு நாள் மாறக்கூடியது, அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு மாதத் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது திண்மம் மட்டும் படிப்படியாக இறங்கியிருந்தது. மடியில் நோய் இருந்தால் பாலின் சீனியும் கேசீன் புரதமும் குறைந்து உப்பு கூடும். திண்மம் விழுவது அதனால்தான்.

காம்பு காம்பாக

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக்கு நான்கு குழி உள்ள ஒரு தட்டுப் போதும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, அடுத்த பாலை அதற்குரிய குழியில் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் பிடிக்க வேண்டும். அதே அளவு சோதனைத் திரவத்தை விட்டு, தட்டைக் கிடையாக வைத்து 10 செக்கன் வட்டமாக அசைத்து உடனே பார்க்க வேண்டும். நேரம் போனால் இலேசான தடிப்புக் கலைந்துவிடும். திரவம் கிடைக்காத இடத்தில் துணி துவைக்கும் தூளில் 15 கிராமை அரை லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். நுட்பம் குறையும், பெரிய நோயைத் தவற விடாது.

மடியில் நோய் கூடக் கூடப் பால் தடிக்கும், தடிப்பைப் பார்த்து ஒன்று முதல் மூன்று வரை தரம் போடுவார்கள்; மூன்றுதான் கடுமை. இளம்பசுவின் நான்கு குழியிலும் திரவம் தண்ணீராகவே ஓடியது. நடுப்பசுவின் பின் வலக் காம்பு மட்டும் இரண்டாம் தரம்: உடனே தடித்து, அசைக்க அசைக்க நடுவில் கூடியது. மூத்த பசுவில் முன் இடக் காம்பு முதலாம் தரம், பின் வலக் காம்பு இரண்டு, பின் இடக் காம்பு மூன்று. அந்தக் கடைசிக் குழியில் பால் முட்டை வெள்ளைக்கரு போல உறைந்து மேடாக நின்றது. தட்டைச் சரித்தபோது துளித்துளியாக விழாமல் ஒரே திரளாக வழுக்கி விழுந்தது. பாட்டி அதைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கறந்து முடித்துத் தளர்ந்த மடியை அழுத்தியபோது அதே பின் இடப் பக்கத்தில் உள்ளே கெட்டியான கட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டன. வெளியே வீக்கமோ சூடோ வலியோ இல்லை. பாலும் வெறும் கண்ணுக்கு வெள்ளையாகவே இருந்தது.

அந்த நான்கு காம்புகளிலிருந்தும் ஆய்வுகூடத்துக்கு மாதிரி எடுத்தார்கள். காம்பு நுனியை 70 வீத மதுசாரம் தோய்த்த பஞ்சால், பஞ்சில் அழுக்குத் தெரியாத வரை துடைத்து, கிருமி நீக்கிய போத்தலைச் சாய்வாகப் பிடித்துப் பீச்சி, ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்பினார்கள். போத்தலை நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் முடியும் தூசியும் உள்ளே விழும். பிறகு ஆய்வுகூடம் சாணிக் கிருமியைத்தான் வளர்த்துச் சொல்லும். முடிவு வந்தபோது நான்கிலும் ஸ்டெஃபைலோகொக்கஸ் ஒரியஸ். பெனிசிலினுக்குக் கட்டுப்படாது, குளொக்சசிலினுக்குக் கட்டுப்படும். பெரும்பாலும் கறக்கும் நேரத்தில் காம்பிலிருந்து காம்புக்குத் தொற்றும் கிருமி இது.

கறக்கும் நேரத்தில் கண்டவை

மறுநாள் காலைக் கறவையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தார்கள். முதலில் மூத்த பசு. அது பட்டியின் வாசலில் நிற்பது, பெரிய பசு என்ற வழக்கமும் கூட. பிறகு நடுப்பசு, கடைசியில் இளம்பசு. நோய் உள்ள மடியைத் தொட்ட கை நோயில்லாத மடிக்குப் போகும் வரிசை அப்படியே அமைந்திருந்தது.

மடி முழுவதையும் வாளித் தண்ணீரால் கழுவி, ஆணியில் தொங்கிய ஒரே துணியால் மூன்றையும் துடைத்தார்கள். துணி எப்போதும் ஈரம். மடியில் ஊற்றிய தண்ணீர் அழுக்கோடு இறங்கிக் காம்பு நுனியில் துளியாக நின்றது. கறக்கும் கை அந்தத் துளியின் மேல்தான் பிடித்தது. காம்பு வழுக்கட்டும் என்று இரண்டு விரலை வாளிப் பாலில் தோய்த்துக் கொண்டார் தாய். பெருவிரலை மடக்கி முட்டியால் அழுத்திக் கறந்தார். வேகம் கிடைக்கும், ஆனால் காம்பின் உள்தோல் காயப்படும். மூத்த பசுவின் பின் காம்பு நுனிகள் தடித்து வெளிப்பிதுங்கி இருந்தன.

தரையில் பின்பக்கப் பலகைகள் நடுவில் உள்வாங்கியிருந்தன. பசு படுத்தால் மடி வரும் இடத்திலேயே மூத்திரம் தேங்கியது. விரிப்புக்கு மரத்தூள், மழையில் நனைந்து கட்டி தட்டியிருந்தது. கறந்ததும் பசுக்கள் அதன் மேல் படுத்துவிடும், ஏனென்றால் தீனியை முன்பே கொடுத்து முடித்திருந்தார்கள். கறந்தபின் காம்புத் துவாரம் முழுதாக மூட அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆளும் இல்லை.

எடுத்த முடிவுகள்

நடுப்பசுவுக்கு உடனே மருந்து என்று தீர்மானித்தார்கள். வயது குறைவு, ஒரே காம்பு, கட்டி இல்லை. குணமாகும் வாய்ப்பு இப்படிப்பட்ட பசுவில்தான் அதிகம். வைத்தியர் குறித்த இடைவெளியில் மூன்று குளொக்சசிலின் குழாய். முழுதாகக் கறந்து, காம்பு நுனியை மதுசாரத்தால் துடைத்து, குழாயின் முனையைச் சில மில்லிமீற்றர் மட்டும் நுழைத்துச் செலுத்த வேண்டும். முனை முழுவதையும் தள்ளினால் துவாரத்தைக் காக்கும் உள்தோல் கிழிந்து, வெளியே இருக்கும் கிருமியையும் உள்ளே கொண்டு போகும். மருந்து ஒரு காம்பில்தான் என்றாலும் நான்கு காம்புப் பாலும் விற்பனைக்கு ஆகாது. கடைசிக் குழாயின் பின் உறையில் குறித்த காலம் முடியும்வரை அந்தப் பால் தனி வாளியில் கறந்து கொட்டப்பட்டது. "மற்ற மூணு காம்பும் நல்லாத்தானே இருக்கு?" என்று மகன் கேட்டான். மருந்து இரத்தத்தின் வழியாக மற்றக் காம்புகளுக்கும் போகும், தயிருக்கு உறை ஊற்றினால்கூட அந்தப் பால் உறையாமல் போகலாம் என்று விளக்கிய பிறகு அவனே அந்த வாளிக்குச் சிவப்புத் துணி கட்டினான்.

மூத்த பசுவின் விஷயம் இலகுவாக முடியவில்லை. வயது, மூன்று காம்பில் தொற்று, ஒன்றில் கட்டி: கறவையில் இருக்கும்போது மருந்து போட்டால் பணம்தான் போகும். வற்ற விட்டு, வற்றுக்கால மருந்தை ஏற்றினால் வாய்ப்பு கூடும். வழக்கப்படி ஈனுவதற்கு 60 நாள் முன்புதான் வற்ற விடுவது; இதுவோ ஈன இன்னும் மூன்றரை மாதத்துக்கு மேல். நாளுக்கு 5 லீற்றர் என்றால் 225 லீற்றருக்கு மேல் கைவிட வேண்டும். வற்றுக்கால மருந்தும் அத்தனை நாள் காக்காது. பாட்டிக்குச் சம்மதமில்லை. "வாயில்லா ஜீவன், கறக்கிறத ஏன் நிப்பாட்டணும்?" என்றார். கடைசியில் கணக்குத்தான் பேசியது: அந்த 5 லீற்றரைச் சேர்ப்பதால் 20 லீற்றரும் திரும்பி வருகிறது. மாட்டுத்தீனை நிறுத்தி, புல்லை மட்டும் கொடுத்து, ஒரே நாளில் கறவையை நிறுத்தினார்கள். கட்டி இருந்த பின் இடக் காம்பை நிரந்தரமாகக் கைவிடுவது, மற்ற மூன்றுக்கும் மருந்து என்று முடிவானது.

விற்றுவிடலாம் என்று தகப்பன் தொலைபேசியில் சொன்னார். கறவை மாடாக விற்றால் இன்னொரு பட்டிக்கு நோயை விற்பதாகும். அதைச் சொல்லாமல் விற்கக் குடும்பம் இணங்கவில்லை. அது சரியான நிலைப்பாடு. இந்தப் பட்டிக்கும் நோய் ஒருவேளை அப்படி நடுப்பசுவோடு வந்திருக்கலாம். வாங்கும்போது யாரும் சோதிக்கவில்லை.

கறவை ஒழுங்கு முழுவதும் மாறியது. இளம்பசு முதலில், நடுப்பசு பின்னால். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துப் பசுவுக்கொன்றாகத் துணி; தினமும் கொதிக்க வைத்து, மழை நாளில் அடுப்புக்கு மேல் கம்பியில் காயும். காம்பில் அழுக்கு இருந்தால் காம்பை மட்டும் கழுவி உடனே துடைப்பது, மடியில் தண்ணீர் ஊற்றுவதில்லை. முதல் பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுத் திரிந்த கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. முழுக்கையால் கறப்பது. முடிந்ததும் 0.5 வீத அயடின் கரைசலைச் சிறிய கிண்ணத்தில் எடுத்துக் காம்பின் கீழ்ப்பகுதி முழுவதும் நனையத் தோய்ப்பது, மிஞ்சியதைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றாமல் கொட்டுவது. தோய்த்த பிறகே புல். தின்னும்வரை பசு நிற்கும்.

தரைக்குச் சீமெந்து போடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அது தாமதமாகும். அதுவரை முன்பக்கப் பலகையை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். ஐந்தரை அடி நீளத் தரைக்கு அது நாற்பத்துநான்குக்கு ஒன்று என்ற சரிவு. உள்வாங்கிய பலகைகளை மாற்றி, மரத்தூளுக்குப் பதிலாக உலர்ந்த மானாப் புல் விரித்தார்கள்.

பின் நடந்தவை

இரண்டு பசுவின் பால் மட்டும் போன காலையில் மதுசாரச் சோதனையில் பால் திரியவில்லை. ஜூலை பிற்பகுதித் துண்டில் திண்மம் 8.3. நடுப்பசுவின் காம்பு நாலாவது வாரத்தில் மிக இலேசான தடிப்பு மட்டும் காட்டியது; ஆய்வுகூட மாதிரியில் கிருமி வளரவில்லை. அதன் கறவையும் ஒரு லீற்றருக்கு மேல் கூடியது.

எல்லாம் நேராகப் போகவில்லை. அயடின் தீர்ந்து போகிறதே என்று ஒருமுறை கூடுதலாகத் தண்ணீர் கலந்தார்கள். பிறகு பயத்தில் கிளிசரின் சேராத கடும் கரைசலை வாங்கினார்கள். குளிர்காற்றில் இளம்பசுவின் காம்புத் தோல் வெடித்து, கறக்கக் கிட்டப் போனாலே உதைத்தது. தோலை மிருதுவாக்கும் பொருள் சேர்ந்த கரைசலுக்கு மாறிய பின் அது ஆறியது. வெடிப்பு இருந்த நாட்களில் அதன் ஒரு காம்பு முதலாம் தரம் காட்டியது. மாதிரியில் அந்தப் பழைய கிருமி இல்லை, இரண்டு வாரத்தில் சரியானது.

நேரம்தான் பெரும் பாரம். முன்பு 40 நிமிடத்தில் முடிந்த வேலை ஒரு மணித்தியாலத்தை நெருங்கியது. மகன் துடைப்பதையும் தோய்ப்பதையும் எடுத்துக்கொண்டதால்தான் தாயால் 7.30க்கு மலை ஏற முடிந்தது. அவன் ஊரில் இல்லாத நாட்களில் தோய்ப்பு விடுபட்டது.

மூத்த பசு ஒக்டோபரில் கிடாரிக் கன்று ஈன்றது. சீம்பால் காலம் கழிந்து இரண்டாம் வாரத்தில் சோதித்தபோது முன் இரண்டும் சுத்தம், பின் வலம் இன்னும் இரண்டாம் தரம், மாதிரியில் அதே கிருமி. முன் காம்புப் பால் மட்டும் கேனுக்குப் போகிறது. பின் வலத்தைக் கடைசியில் தனிப் பாத்திரத்தில் கறந்து எருக்குழியில் கொட்டுகிறார்கள். கிடாரிக்கு அந்தப் பாலைக் கொடுப்பதில்லை. கன்றுகள் ஒன்றையொன்று சப்பும்போது முளைக்காத மடிக்கே தொற்று போய்விடும். மூத்த பசுவை இனிச் சினைக்கு விடுவதில்லை, இந்தக் கறவையோடு நிறுத்துவது என்று பாட்டியே சொன்னார்.

மாற வேண்டியவை

திண்மம் அடுத்தடுத்து இரண்டு துண்டில் இறங்கினால் அன்றே காம்புச் சோதனை செய்திருக்க வேண்டும். இந்தப் பட்டியில் அது மே நடுப்பகுதி. ஏறத்தாழ நாலு வாரம் மிச்சமாகியிருக்கும், நடுப்பசு தப்பியும் இருக்கலாம். இப்போது துண்டுகளைப் பட்டிக் கதவின் உட்புறம் வரிசையாக ஒட்டுகிறார்கள்.

சேகரிப்பு நிலையத்தில் பால் திரிந்தால் கேனைத் திருப்பும்போதே "நாளைக்கு ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனிப் போத்தல்ல கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தால், இரண்டாம் நாளே பசு எதுவென்று தெரிந்திருக்கும். மதுசாரமும் குழாயும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. அந்த நிலையத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

மாடு வாங்கும்போது தட்டோடு போக வேண்டும். கறவை மாட்டை விற்பவர் நான்கு காம்பையும் சோதிக்க விடவில்லை என்றால் அந்த மாட்டை விட்டுவிடுவதே நல்லது. வாங்கி வந்தாலும் மறு சோதனை முடியும்வரை அது கடைசியில்தான் கறக்கப்பட வேண்டும். சீமெந்துத் தரைக்கான அனுமதி கிடைத்திருக்கிறது. மழை ஓயும் ஜனவரி, பெப்ரவரியில் போடுவதாக இருக்கிறார்கள்.